வெயிலுக்கு என்ன சாப்பிடலாம்?

பங்குனி வந்துவிட்டால் பாமசிக்கு வருகிறவர்களின் கேள்விகள் மாறிவிடும். மாரி முழுவதும் இருமலுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் மருந்து கேட்டவர்கள் இப்போது கன்னத்தைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். முன்பெல்லாம் "பூசுறதுக்கு என்ன இருக்கு மிஸ்?" என்றுதான் கேட்பார்கள். அண்மைக்காலமாக, "வெயிலுக்குக் கறுக்காம இருக்க என்ன சாப்பிடலாம்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எல்லாம் கைத்தொலைபேசி செய்கிற வேலை. சூரியகாந்தி எண்ணெயும் சோயா எண்ணெயும்தான் தோலைக் கெடுக்கின்றன, அவற்றை நிறுத்திவிட்டால் எந்த வெயிலும் சுடாது, சன்கிறீம் என்பதே கம்பனிக்காரனின் ஏமாற்று என்று ஒருவர் ஒரு நிமிட வீடியோவில் அடித்துச் சொல்கிறார். அடுத்த வீடியோவில் இன்னொருவர் பப்பாசி, கரட், பீற்றூட் மூன்றையும் அரைத்துக் குடித்துவிட்டுச் சிரிக்கிறார்.

எண்ணெய்க் கதைக்கு எங்கள் ஊரே பதில். மட்டக்களப்பில் தேங்காயெண்ணெயின் அருமையை யாரும் புதிதாக வந்து சொல்ல வேண்டியதில்லை. பொரியல் அதில்தான், கறி தேங்காய்ப்பாலில்தான், தலைக்கு வைப்பதும் அதுதான். வெயில் சுடுவதற்கு விதை எண்ணெய்தான் காரணம் என்றால் வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரையில் ஒருவருக்கும் தோல் உரிந்திருக்கக் கூடாது. எங்கள் அப்பா வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பிடரித் தோல் உரிந்துதான் வீட்டுக்கு வருவார். சூரியகாந்தி எண்ணெயை அவர் கண்ணால் கண்டதே கடைசிக் காலத்தில்தான்.

அதற்காக உணவுக்கும் தோலுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆராய்ச்சிகளைப் படித்தால் மிகவும் சுவையான தொடர்புதான். ஆனால் அது எவ்வளவு மெல்லியது, எவ்வளவு மெதுவாக வேலை செய்வது என்பதை வீடியோக்காரர்கள் சொல்வதில்லை. நிழலும் சட்டையும் நேரமும் செய்கிற வேலையைத் தட்டிலுள்ள சாப்பாட்டிடம் எதிர்பார்ப்பது, நுளம்பு வலையைக் குடையாகப் பிடிப்பது மாதிரி.

முதலில் வெயிலைப் பார்ப்போம். மட்டக்களப்பு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். சித்திரைப் புதுவருடத்துக்குச் சில நாட்கள் முன்பு ஒரு தடவை, செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு தடவை. அந்த நாட்களில் நண்பகலில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டால் நிழல் விழாது. தோலைச் சுடுவது வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அது சாய்வாக வரும்போது நீண்ட தூரம் காற்றைக் கடக்க வேண்டியிருப்பதால் வழியிலேயே நிறைய வடிகட்டப்பட்டுவிடும். நேர் மேலிருந்து இறங்கினால் அந்த வடிகட்டல் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். 11உம் அதற்கு மேலும் கடைசிப் படி, 'மிகத் தீவிரம்'. கோடையில் மேகமில்லாத நண்பகலில் எங்கள் கரையோரத்துக்கு அந்தக் கடைசிப் படி புதிதல்ல.

ஊரில் பலரும் கவனிக்காத ஒரு விசயம் இருக்கிறது. சூடு வேறு, சுடுகிற கதிர் வேறு. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பின்னேரம் நாலரை மணிக்கும் வெளியில் நிற்க முடியாது. மேற்கிலிருந்து அனல் வந்து முகத்தில் அடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் தோலைச் சுடும் கதிர் பெரும்பாலும் தணிந்திருக்கும். காலை பதினொரு மணிக்குக் கல்லடிக் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு நின்றால் வெயில் உறைக்கவே உறைக்காது. சுடுவது அப்போதுதான். தோலால் வெப்பத்தை உணர முடியும், புற ஊதாக் கதிரை உணர முடியாது. மெல்லிய மேகம் வெப்பத்தைத் தணித்துவிட்டு, கதிரின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். உலர்ந்த கடற்கரை மணல் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், அலையின் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி எங்கள் மேலேயே வீசும். தண்ணீருக்குள் அரை மீற்றர் ஆழத்தில்கூட மேற்பரப்பிலுள்ள கதிரில் சுமார் 40 சதவீதம் இருக்கும். பாசிக்குடாவில் கடல் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லை என்பதால் பிள்ளைகள் மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்பார்கள். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பெற்றோரும் விட்டுவிடுவார்கள். இரவில் முதுகைத் தொட விடாமல் பிள்ளை அழும்போதுதான் விசயம் விளங்கும்.

இதை அளக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது, நீளமாக இருந்தால் தணிந்திருக்கிறது. கடல் பக்கத்து எழுவான்கரை என்றாலும் படுவான்கரை என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

"நாங்கள் கறுப்பு, எங்களுக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் நிறமி செய்யும் கலங்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. அவை செய்யும் மெலனினின் அளவும், அது தோலுக்குள் பரவிக் கிடக்கும் விதமும்தான் வேறு. 1979இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கறுப்பினத்தவரின் மேல்தோல் தரும் பாதுகாப்பைச் சன்கிறீம் பெட்டியில் போடும் SPF இலக்கத்தின் கணக்கில் சுமார் 13 என்றும் வெள்ளையரின் மேல்தோலை 3க்குச் சற்று மேல் என்றும் அளந்தது. எங்கள் மாநிறமும் கறுப்பும் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கும். நல்ல பாதுகாப்புத்தான், ஆனால் நாள் முழுவதும் வயலில் நிற்க அது காணாது. தோல் வெயிலுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று வகைப்படுத்திய அமெரிக்கத் தோல் வைத்தியர் தோமஸ் ஃபிற்ஸ்பற்றிக் 1975இல் தொடங்கியது வெள்ளைத் தோலிலிருந்துதான். பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்ட ஐந்தாம், ஆறாம் வகைகள். அதனால்தானோ என்னவோ, புத்தகப் படங்களில் வெயில் சுட்ட தோல் எப்போதும் செக்கச்செவேலென்று இருக்கும். எங்களுக்கு அந்தச் சிவப்புத் தெரியாது. தோல் இறுகும், தொட்டால் கொதிக்கும், சட்டை பட்டால் எரியும், நாலைந்து நாளில் உரியும், அப்புறம் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். சிவக்கவில்லையே என்று சுட்டதைச் சுடவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

சுடும்போது உள்ளே நடப்பது சாதாரண விசயமல்ல. புற ஊதாக் கதிர் கலத்துக்குள் இருக்கும் மரபணு இழையை நேரடியாகச் சேதப்படுத்துகிறது. திருத்தக்கூடியதை உடம்பு திருத்தும். திருத்த முடியாத கலங்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளும். எரிவும் வீக்கமும் உரிதலும் அந்த வேலையின் அடையாளங்கள். வெயிலில் நின்று 12 முதல் 24 மணித்தியாலத்தில்தான் எரிவு உச்சத்துக்கு வரும். ஆகவே வெயில் சுட்டு வந்த பிள்ளைக்கு உடனே ஒன்றும் இல்லை என்று நிம்மதிப்பட வேண்டாம்.

இனிச் சாப்பாடு.

தக்காளிப்பழத்தில் தொடங்கலாம், அதில்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2001இல் ஜேர்மனியில் ஒரு குழுவினர் தன்னார்வலர்களுக்குத் தினமும் 40 கிராம் தக்காளிப் பசையை 10 கிராம் ஒலிவ் எண்ணெயுடன் கொடுத்தார்கள். இடையிடையே முதுகில் அளந்த அளவு கதிரைப் பாய்ச்சிச் சிவப்பைப் பார்த்தார்கள். நாலாவது வாரத்தில் வித்தியாசம் இல்லை. பத்தாவது வாரத்தில், பசை சாப்பிடாதவர்களைவிடச் சிவப்பு 40 சதவீதம் குறைவு. காரணம் லைக்கோபீன் என்ற சிவப்பு நிறப்பொருள். அது தோலில் மெல்ல மெல்லச் சேர்ந்து, கதிர் பட்டவுடன் கிளம்பும் ஒட்சிசன் குழப்பங்களைத் தணிக்கிறது. கரட்டிலுள்ள பீற்றா கரோட்டீனும் இப்படித்தான். அதற்கும் பத்து வாரமாவது வேண்டும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நாற்பது சதவீதம் என்றால் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒழுங்காகப் பூசிய 30ஆம் இலக்கச் சன்கிறீம் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். அதனுடன் ஒப்பிட்டால் தக்காளிப் பசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதோடு சித்திரை வெயிலுக்குப் பலன் வேண்டும் என்றால் தைப்பொங்கலிலிருந்தே சாப்பிட்டு வர வேண்டும். இன்று குடித்துவிட்டு நாளை கடலுக்குப் போகிற வேலை நடக்காது.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. லைக்கோபீனும் கரோட்டீனும் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் ஏறும். தக்காளியைப் பச்சையாகச் சாப்பிடுவதைவிடச் சமைத்துச் சாப்பிட்டால்தான் லைக்கோபீன் கூடுதலாகக் கிடைக்கும். எங்கள் அடுப்படியில் தக்காளிப்பழச் சொதியைத் தேங்காய்ப்பாலில்தான் வைக்கிறோம். பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை எல்லாம் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டலாகின்றன. ஒரு வெள்ளைக்காரக் குழு ஒலிவ் எண்ணெயை அளந்து ஊற்றிச் செய்ததை எங்கள் அம்மம்மாமார் அளக்காமலே செய்துகொண்டிருந்தார்கள். கோடையில் றோட்டோரம் குவித்து விற்கும் வத்தகப்பழத்திலும், அதே எடைப் பச்சைத் தக்காளியைவிட லைக்கோபீன் கூடுதலாகவே இருக்கும். சிவந்த பப்பாசியிலும் உண்டு. அரைத்துத்தான் குடிக்க வேண்டும் என்றில்லை, வெட்டிச் சாப்பிட்டால் போதும்.

அளவு மீறினால் என்ன ஆகும்? தங்கச்சியின் மகனுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டன என்று ஒரு நாள் எல்லோரும் பதறிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் காமாலை என்று வேப்பிலையும் கையுமாகச் சாமி பார்க்கக்கூடத் தயாராகிவிட்டார்கள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தினமும் பூசணிக்காய், கரட், பப்பாசி மூன்றையும் கடைந்து கொடுத்திருக்கிறார்கள். கரோட்டீன் தோலில் படிந்த மஞ்சள்தான் அது. ஆபத்தில்லை, குறைத்தால் போய்விடும். காமாலை என்றால் கண்ணும் மஞ்சளாகும், அதற்கு டொக்டரிடம்தான் போக வேண்டும்.

பழத்தில் இருக்கும்வரை இது பயமில்லாத பொருள். குளிசையாக்கி விழுங்கினால் கதை வேறு. பின்லாந்தில் சுமார் 29,000 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று பீற்றா கரோட்டீன் குளிசை கொடுத்தார்கள். குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. இணையத்தில் 'தோலுக்குள்ளிருந்து சன்கிறீம்' என்று விற்கும் குளிசைகளைப் பற்றி யாராவது கேட்டால், முதலில் நான் கேட்பது "வீட்டில் யார் சிகரெட் குடிக்கிறது?" என்றுதான்.

மீன் பற்றியும் ஒரு வார்த்தை. மீனெண்ணெய் தோலின் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது என்று 1990களில் இங்கிலாந்தில் ஆய்வுகள் நடந்தன. ஆனால் கொடுத்தது தினமும் 10 கிராம் மீனெண்ணெய், அதுவும் மாதக்கணக்கில். எங்களூர்ச் சாளையும் கும்பளாவும் உடம்புக்கு வேறு எத்தனையோ வழிகளில் நல்லது. வெயிலுக்காக என்று சாப்பிட வேண்டாம், ருசிக்காகச் சாப்பிடுங்கள். மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்தழும்பு வரும் என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வெண்தழும்பு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிறமிக் கலங்களையே தாக்குவதால் வருவது. ஆனால் அந்த வெள்ளை இடத்தில் மெலனின் இல்லாததால் வெயில் மிக எளிதாகச் சுட்டுவிடும். சாப்பாட்டில் பத்தியம் பார்க்கிற வீடுகளில் அந்த இடத்தை மூடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சாப்பாட்டுக் குறையும் வெயிலும் உண்மையிலேயே கைகோத்து நடத்திய கொடுமை ஒன்று சரித்திரத்தில் உண்டு. பெலக்ரா என்று பெயர். 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற வைத்தியர் கவனித்தார். சோளனை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குக் கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் தோல் கறுத்து வெடிக்கும். சட்டை மூடிய இடத்தில் ஒன்றும் இராது. அதன் பிறகு வயிற்றோட்டம், புத்தி தடுமாற்றம், மரணம். காரணம் தொற்று நோயென்றும் கெட்டுப்போன சோளனென்றும் வாதாடினார்கள். அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பர்கர் அது உணவுக் குறையென்று நிறுவினார். 1937இல் அந்தக் குறை நிக்கோடினிக் அமிலம், அதாவது விற்றமின் பி3, என்று தெளிவானது. சோளனில் அந்தச் சத்து இருந்தாலும் உடம்பு எடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிக்கோக்காரர் சோளனைச் சுண்ணாம்பு நீரில் அவித்துத்தான் சமைப்பார்கள். அதில் கட்டு அவிழ்ந்துவிடும், ஆகவே அவர்களுக்கு நோய் வரவில்லை. இந்தியாவில் ஹைதராபாத் பக்கம் இறுங்கு என்ற தானியத்தையே நம்பியிருந்த ஏழைகளிடமும் இந்த நோய் இருந்தது.

எங்கள் பக்கம் சேனையில் சோளன் உண்டு, ஆனால் அது தின்பண்டம். சோறும் மீனும் கச்சானும் சாப்பிடுகிறவர்களுக்கு பி3 குறைவது அரிது. விதிவிலக்கு கசிப்பு என்ற கள்ளச்சாராயம். சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடியிலேயே கிடப்பவரின் கழுத்திலும் புறங்கையிலும் சமச்சீராகத் தோல் கறுத்து வெடித்தால், வெயில் என்று சொல்லி கிறீம் வாங்கிக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.

இதே பி3இன் ஒரு வடிவத்தை அவுஸ்திரேலியாவில் 386 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. முன்பே தோல் புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வருவது 23 சதவீதம் குறைந்தது. நிறுத்தியதும் பலனும் நின்றுவிட்டது. வெள்ளைத் தோலில், அதுவும் புற்றுநோய் வந்தவர்களில் செய்தது அது. அந்தச் செய்தியைக் காட்டி இருபது வயதுப் பிள்ளை குளிசை கேட்டால் நான் கொடுப்பதில்லை.

பாதுகாக்கிற சாப்பாட்டை விடுங்கள், வெயிலோடு சேர்ந்தால் சுட வைக்கிற பொருட்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. முதல் இடம் தேசிக்காய்க்கு. முகம் வெளுக்கும் என்று தேசிப்புளியைப் பூசிக்கொண்டு வெளியில் போகிறார்கள். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு வகைப் பொருள், புற ஊதாக் கதிர் பட்டதும் தோலோடு வினைபுரிந்து சுட்டுவிடும். உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளித்து, பிறகு சாறு ஓடிய வழியெல்லாம் கோடு கோடாகக் கறுக்கும். அந்தக் கறுப்புப் போக மாதங்கள் ஆகும். திருவிழாவில் வெயிலில் நின்று சர்பத்துக்குத் தேசிக்காய் பிழிகிற பையன்களின் விரல்களைப் பாருங்கள். குடிப்பதில் பிரச்சினை இல்லை, பிழிந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போனால் போதும். இந்த வினையை மருந்தாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் வெண்தழும்புக்குக் கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது அதே வகைப் பொருளை நம்பித்தான். அளவு தெரிந்தவர் கையில் மருந்து, வீட்டில் தானாகச் செய்தால் புண்.

இரண்டாவது, வயற்காரருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாகச் சேற்றில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம். அந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். எல்லோருக்கும் வராது, வருகிறவர்களுக்கு வழமையான வெயிலே வழமைக்கு மாறாகச் சுடும். ஒரு வயற்கார அண்ணன் புறங்கை எரிகிறது என்று குளிசையை நிறுத்திவிட்டதாக வந்து சொன்னார். நிறுத்தக் கூடாது. எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்தால் ஆளையே கொண்டுபோய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு குளிசையைப் போட்டு, உடனே படுக்காமல், வயலில் முழுக்கைச் சேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். எரிவு கடுமையானால் டொக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக விடுவது சரியில்லை. பிரசருக்குக் கொடுக்கும் நீர் போகும் குளிசைகள் சிலவும், மூட்டுவலிக் குளிசைகள் சிலவும் இப்படித்தான். இதை மருந்து கொடுப்பவர் ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். கூட்டமான நாளில் பல இடங்களில் அந்த ஒரு வசனமும் விடுபட்டுப் போகிறது.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வெள்ளையாக்கும் கிறீம். கலியாணம் பேசியாயிற்றென்றால் பெண்ணுக்கு முதலில் வாங்குவது அதுதான். கலியாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று போடுகிற ஊரில் ஒரு பெண்ணை மட்டும் குறை சொல்லி என்ன? பெயர் தெரியாத பெட்டியில், உள்ளடக்கம் எழுதாமல், பான்சிக் கடைகளில் விற்கும் கிறீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது மெலனின் உருவாவதைத் தடுக்கும், தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். அழகுப் பொருளில் பாதரசம் கலப்பதை மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையே தடுக்கிறது. வேறு சிலவற்றில் கடும் ஸ்டீரொயிட். முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சின்ன இரத்தக்குழாய்கள் தெரிந்து, மயிர் முளைத்து, பரு கிளம்பும். எங்களுக்கு இயற்கையாகக் கிடைத்த அந்த நிறமியைத்தான் காசு கொடுத்துக் கழற்றுகிறோம், பிறகு வெயில் தாங்கவில்லை என்று வருகிறோம். நிறுத்தச் சொன்னால் நிறுத்தியதும் முகம் எரிகிறது, திரும்பவும் அதையே பூசுகிறார்கள். இதற்குத் தோல் டொக்டர்தான் படிப்படியாக வழி சொல்ல வேண்டும்.

தேமலையும் வெயிலின் கணக்கில் எழுதுவார்கள். அது தோலில் வாழும் ஒரு வகைப் பூஞ்சணம் வியர்வையில் பெருகுவதால் வருவது. சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்க, தேமல் இடம் கறுக்காமல் வெளிறி நிற்கும், அவ்வளவுதான். பூஞ்சணத்துக்கான மருந்தில் போகும், நிறம் திரும்பச் சில மாதம் எடுக்கும். சாப்பாட்டுக்கு அதில் வேலை இல்லை.

அப்படியானால் வெயிலே வேண்டாமா? வேண்டும். விற்றமின் டி அதே கதிரால்தான் தோலில் உருவாகிறது. எங்கள் மெலனின் அதையும் கொஞ்சம் தடுக்கும் என்பதால் கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வெயில் கொட்டுகிற இலங்கையிலும் இந்தியாவிலும் விற்றமின் டி குறைந்தவர்கள் ஏராளம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழுக்க மூடிய உடுப்பும், அலுவலக வேலையும், வீட்டோடு இருப்பதும் காரணங்கள். காத்தான்குடியிலிருந்து எலும்பு வலியென்று வருகிற ராத்தாமாரிடம், மூடிய முற்றத்திலோ மொட்டைமாடியிலோ கையையும் காலையும் திறந்து சிறிது நேரம் வெயில் படுங்கள் என்பேன். மணிக்கணக்கில் நிற்பதில் இலாபமில்லை. ஓரளவுக்குப் பிறகு தோலில் உருவான முன்பொருளை அதே கதிர் வேறு பொருளாக மாற்றிவிடும், மிச்சம் எல்லாம் சேதம்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தும் பலனில்லை. விற்றமின் செய்யும் கதிரைக் கண்ணாடி தடுக்கும், கறுக்க வைக்கும் கதிரை விடும். கல்முனைக்கும் கொழும்புக்கும் வான் ஓட்டும் சாரதிமாரின் வலக்கையை இடக்கையோடு வைத்துப் பாருங்கள்.

சன்கிறீம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் விலை அப்படி. முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பவும் பூச வேண்டும். அப்படிப் பூசினால் சிறிய ரியூப் ஒன்று எத்தனை நாளைக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பொட்டு வைப்பதுபோல் தொட்டுப் பூசுகிறார்கள், பெட்டியிலுள்ள இலக்கத்தில் பாதிகூடக் கிடைக்காது. கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்கு மட்டும் நிறம் சேர்த்த சன்கிறீமைச் சொல்வேன். எங்கள் மாதிரித் தோலைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்க வைக்கும். அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு அந்த ஒளியையும் தடுக்கும், வெள்ளைப் பூச்சாகவும் தெரியாது.

மிச்சப் பேருக்கு என் பதில் சட்டை. 1981இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய பிரபலமான பிரசாரத்தில்கூட முதலில் சட்டை போடு, அப்புறம் கிறீம் பூசு, அப்புறம் தொப்பி வை என்றுதான் வரிசை. அறுகம்பையில் அலைச்சறுக்குப் பழக்கும் என் மச்சான் முழுக்கைச் சட்டையில்லாமல் தண்ணீரில் இறங்க மாட்டார். மூக்கிலும் காதிலும் துத்தநாகப் பசை. நண்பகலில் தேங்காயெண்ணெயைப் பூசிக்கொண்டு மணலில் படுக்கிற வெள்ளைக்காரர்கள் பின்னேரம் அவரிடம்தான் கற்றாழை எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருவார்களாம். தேங்காயெண்ணெய்க்குச் சன்கிறீம் கணக்கில் 7 என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது 2010இல் ஆய்வுகூடத்தில் எண்ணெயைக் கரைத்துக் கருவியில் பார்த்த கணக்கு, யாருடைய முதுகிலும் பார்த்ததல்ல.

எங்கள் வயலில் களை பிடுங்கும் அக்காமார் இதையெல்லாம் படிக்கவில்லை. புருசனின் பழைய முழுக்கைச் சேட்டைச் சட்டைக்கு மேல் போட்டு, தலையையும் கழுத்தையும் துவாயால் சுற்றி, விடியமுன் இறங்கி, வெயில் ஏறியதும் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். உடுப்பைப் பற்றி ஒரேயொரு திருத்தம்தான் சொல்ல இருக்கிறது. மெல்லிய வெள்ளைப் பருத்தி, அதுவும் நனைந்தால், கதிரை நன்றாகவே விட்டுவிடும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தால் கதிரும் போகும். நெருங்கி நெய்த கடும் நிறத் துணி நல்லது. வெயில் படாத இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளங்காலிலோ நகத்தடியிலோ ஆறாத, பெருகுகிற கருமச்சம் இருந்தால் வெயிலோடு சம்பந்தமில்லை என்று விட வேண்டாம். எங்கள் தோலில் வரும் ஆபத்தான புற்றுநோய் வெயில் படாத அந்த இடங்களிலும் வரும், வெறுங்காலோடு நடக்கிறவர்கள் அதை முள் தைத்ததென்று நினைத்து நாளைக் கடத்துவார்கள்.

மாமி இந்தமுறையும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறார். பொத்துவில் தாண்டி, உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண காட்டுக்குள் இறங்கும் வழி. கும்புக்கன் ஆற்றைக் கடந்த பிறகு நிழல் இல்லாத வெட்டைகள் வரும். இரவு மூன்று மணிக்கே நடக்கத் தொடங்கி, வெயில் ஏற ஆற்றங்கரை மரங்களின் கீழ் தங்கி, பின்னேரம் மீண்டும் நடப்பது அந்தக் கூட்டத்தின் பழைய வழக்கம், அதில் நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. வத்தகப்பழமும் கச்சானும் பையில் வேண்டாம் என்றேன், பாரம். உப்பும் சீனியும் கலந்த ஜீவனி பக்கற்றுகள் வைத்திருக்கிறேன், அது வெயில் சுடுவதற்கல்ல, மயங்கி விழாமல் இருக்க. மருமகன் பழைய கருநீலச் சேட்டொன்றைக் கொடுத்தார், மாமி சேலைக்கு மேல் போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். சன்கிறீமுக்குத்தான் பிடிவாதம். "திருநீறு பூசுற முகத்துல இன்னொரு வெள்ள எதுக்கு புள்ள?" என்கிறார். உதட்டுக்கும் மூக்குக்கும் மட்டுமாவது இருக்கட்டும் என்று சிறிய ரியூப் ஒன்றை அவருக்குத் தெரியாமல் வெற்றிலைப் பையின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கண்டுபிடித்தால் கூட வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார், அதுவும் சரிதான்.